பசித்தால் தானாகத் தின்னுமா?

கேள்வி: எங்கள் வீட்டு காக்டீல் கிளி மிட்டுவுக்கு நான்கு வயது. சின்ன வயதிலிருந்தே தினையும் சூரியகாந்தி விதையும்தான் ஆகாரம். எடை 118 கிராம், கொழுப்பு சேர்ந்துவிட்டது, பெல்லட்டுக்கு (பறவைகளுக்கென்று சத்துகள் சேர்த்துத் தயாரிக்கும் குருணைத் தீனி) மாற்றுங்கள் என்றார் மருத்துவர். விதைக் கிண்ணத்தை எடுத்துவிட்டு பெல்லட்டை மட்டும் வைத்தேன். ஒரு நாள் முழுக்கத் தொடவே இல்லை, கத்திக்கொண்டே இருந்தது. மனசு கேட்காமல் ராத்திரி விதையைக் கொடுத்துவிட்டேன். "பசி வந்தால் பத்தும் பறந்துபோகும், தானாகத் தின்னும்" என்கிறார் கணவர். என்ன செய்வது?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: விதையைத் திரும்பக் கொடுத்தது சரி. அதற்காக வருத்தப்பட வேண்டாம். உங்கள் கணவர் சொல்லும் பழமொழி மனிதருக்குச் சரி, மிட்டுவுக்குப் பொருந்தாது. அது பிடிவாதம் பிடிக்கவில்லை. பெல்லட் என்பது தின்னும் பொருள் என்றே அதற்குத் தெரியாது. கிண்ணத்தில் கூழாங்கல்லைப் போட்டு வைத்தால் நாம் என்ன செய்வோமோ அதைத்தான் அதுவும் செய்தது. இவ்வளவு சின்ன உடம்பு ஒரு நாள் பட்டினியையே தாங்காது.

முதலில் ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு வாங்குங்கள். தினமும் காலையில், எச்சம் போட்ட பிறகு, தீனி வைக்கும் முன் எடை பார்த்துக் குறித்து வையுங்கள். எடை குறையத்தான் வேண்டும், ஆனால் மெதுவாக. இரண்டு மூன்று நாளில் 106-க்குக் கீழே போனால் மாற்றத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

கண்ணை மட்டும் நம்பாதீர்கள். காக்டீல் பெல்லட்டை அலகால் நொறுக்கிக் கீழே கொட்டிவிட்டு, தின்ற மாதிரியே உட்கார்ந்திருக்கும். விதைக் கிண்ணமும் அப்படித்தான். நிறைந்திருப்பது போலத் தெரியும், ஊதிப் பார்த்தால் மேலே இருப்பதெல்லாம் வெறும் உமி. எச்சத்தைப் பாருங்கள். பெல்லட் உள்ளே போனால் அது பழுப்பாகும். எண்ணிக்கை குறைந்து, சின்னதாகக் கரும்பச்சையில் விழுந்தால் பட்டினி கிடக்கிறது என்று அர்த்தம்.

அப்புறம் மாற்றும் விதம். பெல்லட்டைத் தினை அளவுக்குப் பொடித்து, லேசாக நீர் தெளித்த விதையோடு பிசறுங்கள். விதையை உரிக்கும்போது தூள் நாக்கில் ஒட்டும், ருசி பழகும். காலையில் எழுந்ததும்தான் அதற்கு நல்ல பசி. அந்த ஒரு மணி நேரம் இந்தக் கலவை மட்டும், பிறகு வழக்கமான விதை. வாரா வாரம் கலவையில் விதையைக் கொஞ்சம் குறையுங்கள். எங்கள் வீட்டுப் பறவையிடம் பலித்தது வேறொரு வித்தை: தரையில் ஒரு கண்ணாடியைப் படுக்க வைத்து அதன்மேல் பெல்லட் தூளைத் தூவினேன். கண்ணாடிக்குள் இருந்த "இன்னொருத்தன்" கொத்துகிறானே என்று இதுவும் போட்டிக்குக் கொத்தியது! காக்டீல் கூட்டமாக மேயும் இனம், யாராவது கூடத் தின்றால்தான் அதற்கு நம்பிக்கை வரும். அதனால் நீங்களும் கூண்டுக்கு எதிரே உட்கார்ந்து காரட் கடியுங்கள்.

காரட் துருவல், கொத்தமல்லி, முருங்கைக்கீரை, வேகவைத்த சர்க்கரைவள்ளி எல்லாம் நல்லது. விதையில் ஏ வைட்டமினும் கால்சியமும் குறைவு, சூரியகாந்திப் பருப்பிலோ பாதிக்குப் பாதி கொழுப்பு. கீரையை ஈரத்தோடு கம்பியில் சொருகி வையுங்கள், விளையாடப் போய்த் தின்னத் தொடங்கும். காய்கறி தின்ற நாளில் எச்சம் தண்ணீராக இருந்தால் பயப்பட வேண்டாம். திருச்சி வெயிலில் ஈரத் தீனியை இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள். அவகாடோ, சாக்லேட், வெங்காயம் கூடவே கூடாது.

கடையில் தண்ணீரில் கலக்கச் சொல்லி வைட்டமின் சொட்டு மருந்து தருவார்கள். நான் வாங்கமாட்டேன். தண்ணீர் சீக்கிரம் கெடும், ருசி மாறினால் பறவை குடிப்பதையும் குறைத்துக்கொள்ளும்.

இதற்கு ஒன்றிரண்டு மாதம் ஆகலாம், கூடவும் ஆகலாம். இறகு உதிரும் காலமாக இருந்தால் அது முடியட்டும், பிறகு தொடங்குங்கள். சூரியகாந்தி விதையை முழுக்க ஒழிக்கத் தேவையில்லை. கையில் வந்து உட்கார்ந்தால் ஒன்று என்று பரிசாக வைத்துக்கொள்ளுங்கள். காலையில் எடை பார்த்து எழுதும் வேலையைக் கணவரிடமே கொடுத்துவிடுங்கள். தராசு இரண்டு நாள் இறங்கிக் காட்டினால் அவரே விதை டப்பாவைத் தேடுவார்.