ஜூஸும் ரசம் சாதமும்: நிற்காத வயிற்றுப்போக்கு

கேள்வி: மகனுக்கு 2 வயது, எடை 12 கிலோ. இரண்டு மாதமாகத் தினமும் நாலைந்து தடவை இளக்கமாகப் போகிறான். கேரட், பட்டாணி அப்படியே வருகிறது. காய்ச்சலோ வலியோ இல்லை, ஓடியாடி விளையாடுகிறான். நெய்யையும் பாலையும் நிறுத்திவிட்டு ரசம் சாதமும் ஆப்பிள் ஜூஸும்தான் கொடுக்கிறோம். ஏன் நிற்கவில்லை?

பதில்: நிற்காததற்கு அந்தப் பத்தியமே காரணமாக இருக்கலாம். வலியில்லாமல், எடை குறையாமல், பகலில் மட்டும் நான்கு வாரத்துக்கு மேல் இப்படிப் போவது 1 முதல் 5 வயது வரை சகஜம். குடல் சற்று வேகமாகத் தள்ளிவிடுகிறது, அவ்வளவுதான். காலையில் ஓரளவு கெட்டியாகவும், நேரம் ஆக ஆக நீர்த்தும் போகும். கேரட் துண்டு வெளியே வந்தால் சரியாக மெல்லவில்லை என்று அர்த்தம், சத்து சேரவில்லை என்றல்ல.

ஆப்பிள் ஜூஸில் குளுக்கோஸைவிட ஃப்ரக்டோஸ் என்ற பழச்சர்க்கரை அதிகம், சார்பிட்டால் என்ற இனிப்புப் பொருளும் உண்டு. சிறுகுடல் உறிஞ்சாமல் விட்ட மிச்சம் பெருங்குடலுக்குப் போய்த் தண்ணீரை இழுக்கும், நொதித்து வாயுவும் உண்டாக்கும். கொழுப்போ இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். நீங்கள் நெய்யை எடுத்துவிட்டு ஜூஸைச் சேர்த்திருக்கிறீர்கள்!

இரண்டு வாரம் ஜூஸை முழுக்க நிறுத்துங்கள். தாகத்துக்குக் கொதித்து ஆறிய தண்ணீர் போதும், நாள் முழுக்கப் பாட்டிலைக் கையில் கொடுத்து வைக்காதீர்கள். வேளைக்கு ஒரு டீஸ்பூன் நெய், பருப்பு, முட்டை, தயிர், முழு வாழைப்பழம் கொடுக்கலாம். பாலையும் திரும்பக் கொடுங்கள். பால் குடித்த பிறகு மட்டும் வயிறு உப்பி, புளித்த வாடையோடு போய், ஆசனவாய் சிவந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். இருமல் சிரப், டானிக் லேபிளையும் பாருங்கள். பலவற்றில் சார்பிட்டால் இருக்கும். எத்தனை தடவை போனான், என்ன சாப்பிட்டான் என்று குறித்து வையுங்கள். வயிற்றுப்போக்கை நிறுத்தும் லோப்பரமைடு மாத்திரை வேண்டாம். காரணம் தெரியாமல் ஆன்டிபயாடிக்கும் வேண்டாம், அதுவே வயிற்றைக் கெடுக்கும்.

மலத்தில் ரத்தம், தூக்கத்திலிருந்து எழுந்து போவது, எண்ணெய்ப் பசையோடு மிதக்கும் மலம், விடாத வாந்தி, காய்ச்சல், எடை ஏறாமல் நிற்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காதீர்கள். கண் குழிந்து, சிறுநீர் குறைந்தால் ஓஆர்எஸ் கொடுத்துக்கொண்டே அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நீண்ட நாள் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ஜியார்டியா என்ற குடல் கிருமி மலத்தில் விட்டுவிட்டுத்தான் தெரியும். அதனால் வெவ்வேறு நாட்களில் மூன்று மாதிரி கேட்பார்கள். கோதுமையில் உள்ள குளூட்டன் புரதத்தால் உடலின் எதிர்ப்புச் சக்தியே குடலைத் தாக்கும் சீலியாக் நோய்க்கு ரத்தப் பரிசோதனை எழுதினால், ரத்தம் எடுக்கும்வரை சப்பாத்தி, பிஸ்கட்டை நிறுத்தாதீர்கள். நிறுத்திவிட்டு எடுத்தால், நோய் இருந்தாலும் இல்லை என்று வரக்கூடும்.