எட்டாவது மாடி, புது டைல்ஸ், 2,100 ரேண்ட் லெவி

கேள்வி: அக்கா, டர்பன் சவுத் பீச்சில் எட்டாவது மாடியில் ஒரு படுக்கையறை ஃபிளாட் பார்த்திருக்கிறோம். விலை 6,80,000 ரேண்ட். உள்ளே எல்லாம் புதுசு. சமையலறைச் சுவரை எடுத்து ஹாலோடு சேர்த்திருக்கிறார்கள், பால்கனியைக் கண்ணாடி போட்டு மூடி ஒரு சின்ன அறையாக்கி இருக்கிறார்கள். ஜன்னலைத் திறந்தால் கடல். கட்டடப் பராமரிப்புக்குக் கட்டும் லெவி மாதம் 2,100 ரேண்ட்தான். ஏரியாவைப் பற்றி ஆளுக்கொன்று சொல்கிறார்கள். மனைவிக்கு நைட் டியூட்டி உண்டு என்பதால் அதுவும் கவலை. "இந்த வாரமே கையெழுத்துப் போடுங்கள்" என்கிறார் ஏஜென்ட். போடலாமா?
(சாட்ஸ்வொர்த் வாசகர்)

பதில்: தம்பி, இந்த வாரம் வேண்டாம். நீங்கள் போடும் கையெழுத்தும் விற்பவர் போடும் கையெழுத்தும் சேர்ந்துவிட்டால் அதுவே ஒப்பந்தம். வாங்கிய பிறகு மனம் மாற ஐந்து நாள் அவகாசம் தரும் சட்டம் இங்கே, தென்னாப்பிரிக்காவில், இருக்கிறது. ஆனால் அது 2,50,000 ரேண்டுக்கு மேற்படாத வீடுகளுக்கு மட்டும். உங்களுக்கு அந்த வழி இல்லை.

முதலில் ஒரு விஷயம். செக்‌ஷனல் டைட்டிலில், அதாவது ஃபிளாட் தனியாகவும் கட்டடம் பொதுவாகவும் சொந்தமாகும் முறையில், உங்களுக்குச் சொந்தமாவது சுவரின் பாதி கனம் வரைக்கும்தான். சுவருக்கு, தளத்துக்கு, கூரைக்கு எல்லாம் நடுக்கோடுதான் எல்லை. அதற்கு வெளியே இருக்கும் வெளிச்சுவர், மொட்டை மாடி, லிஃப்ட், பொதுக் குழாய் எல்லாம் எல்லாருக்கும் பொது. ஆக, விற்பவர் புதுப்பித்தது அந்தப் பாதிச் சுவருக்கு உள்ளே இருப்பதை. மீதியைப் புதுப்பிக்க வேண்டி வந்தால் அந்தச் செலவில் உங்கள் பங்கு உங்கள் தலையில்.

கடலோரக் கட்டடத்தில் அந்த மீதி சின்னதில்லை. உப்புக் காற்று கான்கிரீட்டுக்குள் மெல்ல இறங்கி உள்ளிருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துருப்பிடித்த கம்பி பருத்து, மேலிருக்கும் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். நான் முதலில் வாங்கிய ஃபிளாட்டும் கடற்கரைப் பக்கம்தான். வாங்கும்போது வெள்ளை பெயின்ட் கண்ணைப் பறித்தது. ஆறாவது மாதம் பால்கனியின் அடிப்பக்கத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு கோடு தெரிந்தது. தேநீர்க் கறை மாதிரி இருக்கிறதே என்று துடைத்தேன். மறுநாள் அதே இடத்தில் திரும்ப வந்தது. அந்த வருடக் கடைசியில் வெளிச்சுவர் முழுவதையும் சரிசெய்ய ஸ்பெஷல் லெவி, அதாவது மாத லெவிக்கு மேல் தனி வசூல், போட்டார்கள். இரண்டு வருடம் வேறு எதற்கும் கையில் காசு நிற்கவில்லை. அந்த வேலை வரப்போகிறது என்பது உரிமையாளர்களின் முந்தைய வருடக் கூட்டக் குறிப்பிலேயே இருந்திருக்கிறது. யாரும் என்னிடம் மறைக்கவில்லை. நான்தான் கேட்டு வாங்கிப் படிக்கவில்லை.

அதனால் நீங்கள் கேளுங்கள். கடைசி இரண்டு வருடக் கூட்டக் குறிப்புகள், தணிக்கை செய்த கணக்கு, பத்து வருடப் பராமரிப்புத் திட்டம் இந்த மூன்றும் வேண்டும் என்று ஏஜென்டிடம் எழுத்தில் கேளுங்கள். 2016 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி ஒவ்வொரு பாடி கார்ப்பரேட்டும் (ஃபிளாட் உரிமையாளர்கள் எல்லாரும் சேர்ந்த அமைப்பு) அன்றாடச் செலவுக்கு ஒரு நிதி, பெரிய பராமரிப்புக்குத் தனியாக ஒரு சேமநிதி என்று இரண்டு வைத்திருக்க வேண்டும். அன்றாட நிதிக்குப் போன வருடம் வந்த தொகையில் 25 சதவீதத்துக்கும் குறைவாகச் சேமநிதி இருந்தால், அடுத்த வருடம் அன்றாட நிதிக்கான பட்ஜெட்டில் 15 சதவீதத்துக்குக் குறையாமல் சேமநிதிக்கு ஒதுக்கியாக வேண்டும். லிஃப்டும் காவலாளியும் இருக்கும் கட்டடத்தில் 2,100 ரேண்ட் லெவி என்றதும் எனக்கு முதலில் அந்தச் சேமநிதியின் மேல்தான் சந்தேகம் வந்தது. லெவி குறைவாக இருப்பதைப் பார்த்துச் சந்தோஷப்படாதீர்கள். எத்தனை பேர் லெவி பாக்கி வைத்திருக்கிறார்கள் என்பதும் அந்தக் கணக்கிலேயே தெரியும். ஸ்பெஷல் லெவி ஏதாவது போட்டிருந்தால், போடப்போவதாகப் பேச்சு இருந்தால், யார் கட்டுவது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்து அந்தப் பால்கனி. மூடி அறையாக்கினால் ஃபிளாட்டின் பரப்பே கூடிவிடலாம். அப்படிக் கூடினால் பாடி கார்ப்பரேட்டின் சிறப்புத் தீர்மானம் வேண்டும், நகராட்சி பிளான் வேண்டும், பதிவான செக்‌ஷனல் பிளானையும் திருத்த வேண்டும். நம் மாகாணத்துக்கான பத்திரப்பதிவு பீட்டர்மாரிட்ஸ்பர்கில் இருக்கிறது. பதிவான பிளானின் நகலைக் கேட்டு வாங்குங்கள். ஒரு அளவு டேப் எடுத்துப்போய், அதில் உள்ள சதுர மீட்டரும் விளம்பரத்தில் போட்டதும் ஒன்றுதானா என்று அளந்து பாருங்கள். பிளானில் பால்கனி என்றே இருந்தால், நாளைக்குக் கண்ணாடியை எடுக்கச் சொன்னால் எடுக்க வேண்டியவர் நீங்கள். எடுத்த சமையலறைச் சுவர் பாரம் தாங்கும் சுவரா, அதற்கு அனுமதி இருந்ததா என்றும் கேளுங்கள். பார்க்கிங் உண்டு என்றார்களா? அது உங்கள் பெயருக்கு வருமா, வாடகை இடமா?

மின்சாரச் சான்றிதழ் இரண்டு வருடத்துக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். அது மட்டும் போதாது. சமையலறை மாறிய பிறகு எடுத்ததா என்று தேதியைப் பாருங்கள். வயரிங்கைத் தொட்ட பிறகு பழைய சான்றிதழ் அந்த வேலைக்குச் செல்லாது.

அங்கே போகும்போது ஐந்து ரேண்ட் நாணயம் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். குளியலறை டைல்ஸை ஒவ்வொன்றாகத் தட்டினால், அடியில் சரியாக ஒட்டாத டைல் 'டொக்' என்று வெற்றுச் சத்தம் கொடுக்கும். சிங்குக்குக் கீழே அலமாரியைத் திறந்து போன் டார்ச் அடித்துப் பாருங்கள். அலமாரி புதுசாக இருந்து குழாய் பழைய இரும்பாகவே இருந்தால், புதுப்பித்தல் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று அங்கேயே விளங்கிவிடும். கீசர் மேல் ஒட்டியிருக்கும் தேதியையும் பாருங்கள். அது கெட்டால் செலவு உங்களுடையது.

விற்பவர் யார் என்பதும் முக்கியம். குடியிருந்தவர் விற்றால் ஒப்பந்தத்தில் ஃபூட்ஸ்டூட்ஸ், அதாவது 'உள்ளது உள்ளபடி', என்று ஒரு வரி இருக்கும். தெரிந்தே மறைத்த குறை என்று நீங்கள் நிரூபித்தால் ஒழிய அது அவரைக் காக்கும். ஃபிளாட்டுகளை வாங்கிப் புதுப்பித்து விற்பதையே தொழிலாகச் செய்பவர் என்றால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உள்ளே வரும், அந்த வரிக்குப் பின்னால் அவர் ஒளிய முடியாது. அவர் இதை எப்போது வாங்கினார் என்று பத்திரத்தில் பாருங்கள். யாராக இருந்தாலும், குறைகளைச் சொல்லும் படிவத்தை விற்பவர் நிரப்பித் தர வேண்டும் என்பது 2022 பிப்ரவரியிலிருந்து சட்டம். அதைப் படிக்காமல் ஆஃபரே போடாதீர்கள்.

ஏரியா விஷயம். ஆளுக்கொன்று சொல்வது பொய்யில்லை, அங்கே தெருவுக்குத் தெரு மாறும். கடற்கரை நடைபாதை, அடிங்டன் ஆஸ்பத்திரி, உஷாகா கடல் பூங்கா எல்லாம் பக்கம். கறிவேப்பிலைக்கும் மசாலாவுக்கும் விக்டோரியா மார்க்கெட் தூரமில்லை. ஆனால் இரண்டு தெரு உள்ளே, மகாத்மா காந்தி சாலைப் பக்கம் போனால் நன்றாகப் பராமரிக்கும் கட்டடமும் கைவிட்ட கட்டடமும் ஒட்டி ஒட்டி நிற்கும். பக்கத்துக் கட்டடத்தை நகராட்சி 'பிரச்சினைக் கட்டடம்' என்று அறிவித்திருக்கிறதா என்று விசாரியுங்கள், அதற்கென்றே இங்கே ஒரு துணைச்சட்டம் உண்டு. பகல் பதினோரு மணிக்கு ஏஜென்ட் காட்டும் தெருவை வைத்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் மனைவி டியூட்டிக்குக் கிளம்பும் நேரத்தில் ஒரு தடவை, திரும்பும் நேரத்தில் ஒரு தடவை, மாதச் சம்பளம் வந்த வெள்ளிக்கிழமை இரவு ஒரு தடவை அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். வாசல் விளக்கு எரிகிறதா, டாக்ஸி எங்கே நிற்கிறது, இறங்கி எத்தனை அடி நடக்க வேண்டும் என்று அவரே பார்க்கட்டும். முடிவில் பாதி அவருடையது.

காவலாளியிடமும் இரண்டு வார்த்தை பேசுங்கள். லிஃப்ட் கடைசியாக எப்போது நின்றது, கரன்ட் போனால் எட்டாவது மாடிக்குத் தண்ணீர் ஏறுமா, தொட்டி இருக்கிறதா? இந்த மூன்றுக்கும் ஏஜென்டை விட அவருக்குத்தான் சரியான பதில் தெரியும்.

கேள்வி: பத்திரம் மாற்றும் வக்கீலை விற்பவர் தேர்ந்தெடுக்கிறார், கட்டணம் மட்டும் நான் கட்ட வேண்டுமாம். நியாயமா அக்கா?
(அதே வாசகர்)

பதில்: இந்த நாட்டு வழக்கம் அப்படித்தான், தம்பி. கட்டணத்துக்கு முன்கூட்டியே எழுத்தில் மதிப்பீடு கேளுங்கள். 2025 ஏப்ரல் முதல் 12,10,000 ரேண்ட் வரை பத்திர மாற்று வரி கிடையாது, ஆகவே உங்கள் மதிப்பீட்டில் அந்த வரி என்று ஒரு தொகை இருந்தால் ஏன் என்று கேளுங்கள். அந்த வக்கீலை நியமிப்பவர் விற்பவர் என்பதால், கையெழுத்துக்கு முன் ஒப்பந்தத்தை உங்களுக்காக வேறொரு வக்கீல் ஒருமுறை படிக்கட்டும். அந்த ஒரு மணி நேரத்துக்கான கட்டணத்தைத் தயங்காமல் கொடுங்கள்.