ஆபரேஷன் வேண்டாம் என்றோம்; இனி என்ன வழி?

கேள்வி: எனக்கு வயது 31. இரண்டு பிரசவமும் சிசேரியன். இளையவனுக்கு நான்கு மாதம் ஆகிறது, தாய்ப்பால் மட்டும்தான். இன்னும் மாதவிலக்கு வரவில்லை. ஆஸ்பத்திரியில் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனையும் சேர்த்தே செய்துவிடலாம் என்றார்கள். கத்தோலிக்கர்கள் என்பதால் மறுத்துவிட்டோம். பால் கொடுக்கும்வரை பயமில்லை என்கிறார் மாமியார். கடைசி நேரத்தில் விலகிக்கொள்வது இயற்கை முறைதானே என்கிறார் கணவர். முன்பு அதிக உதிரப்போக்குக்கு ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டேன். மறுபடி தேவைப்பட்டால் அதைச் சாப்பிடுவது பாவமா? – வாசகி, தூத்துக்குடி.

பதில்: மாத்திரையிலிருந்து தொடங்குகிறேன். திருத்தந்தை ஆறாம் பவுல் 1968 ஜூலை 25 தேதியிட்டு வெளியிட்ட, கருத்தடை பற்றிய ‘ஹுமானே வீத்தே’ சுற்றுமடலின் 15-ஆம் பத்தி இதற்கு நேராகவே பதில் சொல்கிறது. நோய்க்குத் தேவையான சிகிச்சையால் கருத்தரிப்பு தடைபடும் என்று முன்பே தெரிந்தாலும், அந்தத் தடையே நோக்கமாக இல்லாதவரை சிகிச்சையில் தவறில்லை. ஆக, உதிரப்போக்குக்காகச் சாப்பிட்ட மாத்திரைக்கு மனசாட்சி உறுத்த வேண்டியதில்லை. ஆனால் ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரையை, பிரசவமாகி ஆறு மாதம் முடியாத, பால் கொடுக்கும் தாய்க்குப் பொதுவாகத் தருவதில்லை. உதிரப்போக்கு திரும்பினால் முதலில் ஹீமோகுளோபின், தைராய்டு, ஸ்கேன் பாருங்கள். ரத்தக்கட்டி வந்த வரலாறு இல்லையென்றால், போக்கு அதிகமுள்ள நாட்களில் மட்டும் சாப்பிடும் டிரானெக்ஸாமிக் அமிலம் பற்றி மருத்துவரிடம் கேட்கலாம். அதில் ஹார்மோன் கிடையாது, கருத்தடையும் செய்யாது.

உங்கள் கணவர் சொல்வது திருச்சபை சொல்லும் இயற்கை முறை அல்ல. உறவையே வேண்டுமென்று கருத்தரிக்காததாக ஆக்குவதை 14-ஆம் பத்தி விலக்குகிறது. விலகிக்கொள்வது, ஆணுறை, காப்பர்-டி, ஊசி, குழாயைக் கட்டுவது எல்லாம் அதில் அடங்கும். தக்க காரணம் இருந்தால், கருத்தரிக்க வாய்ப்பில்லாத நாட்களில் மட்டும் சேர்வதை 16-ஆம் பத்தி அனுமதிக்கிறது. எத்தனை பிள்ளை வந்தாலும் பெற்றுக்கொண்டே இருக்க வேண்டும் என்று திருச்சபை சொல்வதாகப் பலர் நினைக்கிறார்கள். உடல்நிலை, பொருளாதாரம், மனநிலை ஆகியவற்றை எடைபோட்டுத் தம்பதியரே பொறுப்போடு முடிவெடுக்கச் சொல்கிறது 10-ஆம் பத்தி. கர்ப்பப்பையில் இரண்டு தழும்பு இருப்பது, மருத்துவக் கண்ணில், தக்க காரணமேதான். இரண்டு பிரசவங்களுக்கு இடையே 18 மாதம்கூட இல்லாவிட்டால் தழும்பு கிழியும் ஆபத்து கூடுகிறது. பிரசவத்துக்குப் பின் அடுத்த கருவுக்கு இரண்டு வருடமாவது விடுங்கள்.

மாமியார் சொல்வதில் பாதி உண்மை. தாய்ப்பால் பாதுகாப்பு தர மூன்று நிபந்தனை உண்டு: குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்திருக்கக் கூடாது, மாதவிலக்கு திரும்பியிருக்கக் கூடாது, பசிக்குத் தாய்ப்பால் மட்டுமே தர வேண்டும். பகலில் நான்கு மணி நேரம், இரவில் ஆறு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விடக் கூடாது. மூன்றும் இருந்தால் 98 சதவீதத்துக்கு மேல் பாதுகாப்பு. ஒரு சங்கு மருந்தால் கெடாது. பாலூட்டும் வேளைக்குப் பதிலாகப் பவுடர் பால் புட்டி வந்தால் கணக்கு கலைந்துவிடும். பிரசவமாகி எட்டு வாரத்துக்குப் பின் வரும் உதிரத்தை மாதவிலக்காகவே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் மாதவிலக்குக்கு முன்பே முட்டை வெளிவரலாம். ‘இன்னும் ஒதுங்கவே இல்லை, எப்படி டாக்டர்?’ என்று வந்து நிற்பவர்களின் கதை இதுதான்.

ஆக உங்களுக்கு இன்னும் இரண்டு மாத அவகாசம் இருக்கிறது. அதற்குள், சளியின் மாற்றத்தைக் கவனித்துக் கருத்தரிக்கக்கூடிய நாட்களை அறியும் பில்லிங்ஸ் முறையைப் பழகிவிடுங்கள். நாட்காட்டியில் நாள் எண்ணும் பழைய முறையை இப்போது தொடவே வேண்டாம். எண்ண மாதச் சுழற்சியே இல்லை. காலை உடல்வெப்பம் பார்ப்பதும் இரவில் மூன்று முறை எழும் தாய்க்குச் சரியாக வராது.

பில்லிங்ஸ் முறையில் பார்ப்பது கர்ப்பப்பை வாய்ச் சளியை. நடக்கும்போது, உட்காரும்போது பிறப்புறுப்பின் வெளிப்பக்கம் உலர்வாக இருக்கிறதா, ஈரமா, வழுக்கலா என்று கவனியுங்கள். சிறுநீர் கழிக்கப் போகும்போது துடைத்துப் பாருங்கள். விரலை உள்ளே விட்டுப் பார்க்கக் கூடாது. இரவில் ஒரு வரி எழுதிவையுங்கள். முதல் இரண்டு வாரம் சேராமல் இருந்து, உங்களுக்கு வழக்கமான நிலை எது என்று கண்டுபிடிக்க வேண்டும். சிலருக்கு அது முழு உலர்வு. சிலருக்கு நாள்தோறும் மாறாத ஒரே மாதிரிக் கசிவு.

பிறகு, அந்த வழக்கமான நிலை உள்ள நாட்களில் ஒருநாள் விட்டு ஒருநாள், இரவில் மட்டும் சேரலாம். அடுத்த நாள் விந்து வடிவது சளியை மறைத்துவிடும் என்பதால்தான் இந்த இடைவெளி; பகலெல்லாம் கவனித்த பிறகுதான் அன்றைய நிலை தெரியும் என்பதால்தான் இரவு. எந்த மாற்றம் தெரிந்தாலும், உதிரப் புள்ளி பட்டாலும் விலகியிருந்து, வழக்கமான நிலை திரும்பி மூன்று நாள் கழிந்தபின் நான்காம் நாள் இரவு தொடருங்கள். முட்டை வெள்ளைக்கரு போல இழுபடும் சளியில் விந்தணு ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கும். முட்டையின் ஆயுள் ஒரே நாள்தான். தப்புக் கணக்கு பெரும்பாலும் சளி தொடங்கும் அந்த முதல் நாட்களில்தான் நடக்கிறது.

பால் கொடுக்கும் காலத்தில் சளி வந்து வந்து மறையும். முட்டை வராமலே போகும். அதனால் விலகியிருக்கும் நாட்கள் கூடும், கணவருக்கும் இது முன்பே தெரியட்டும். அரிப்போ தயிர்த்திப்பி போன்ற வெள்ளைப்படுதலோ நாற்றமோ இருந்தால் முதலில் அதற்குச் சிகிச்சை. கிருமித் தொற்றுக்கு நடுவே சளியைப் படிக்க முடியாது.

எண்ணிக்கையையும் சொல்லிவிடுகிறேன். விதி பிசகாமல் கடைப்பிடித்தாலும் சளி முறையில் ஒரு வருடத்தில் 100 பெண்களில் சுமார் 3 பேர் கருத்தரிக்கிறார்கள். ‘இன்று ஒருநாள்தானே’ என்று பிசகுபவர்களில் இது பல மடங்கு. தனியாகப் புத்தகம் பார்த்துப் பழகாமல் பயிற்சி பெற்றவரிடம் கற்றுக்கொள்ளுங்கள். மறைமாவட்டக் குடும்பநலப் பணிக்குழுவில் ஆள் இருக்கிறார்களா என்று உங்கள் பங்குத்தந்தையிடம் கேளுங்கள்.

மூன்றாவது கரு தங்கினால் தள்ளிப்போடாமல் ஸ்கேன் எடுங்கள். நஞ்சுக்கொடி கீழிறங்கித் தழும்பின்மேல் ஒட்டியிருந்தால், மூன்றாவது சிசேரியனில் அது கர்ப்பப்பைச் சுவருக்குள் ஊடுருவியிருக்கும் வாய்ப்பு 100-க்கு 40 அளவில் வருகிறது. அப்போது உதிரம் நிற்காமல் உயிர்காக்கக் கர்ப்பப்பையை எடுக்க நேர்ந்தால் திருச்சபை தடுப்பதில்லை. வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 1993-இல் அதைத் தெளிவாக்கியது. இனி வரப்போகும் கர்ப்பத்தில் ஆபத்து வரலாம் என்பதற்காக மட்டும் எடுப்பதையோ குழாயைக் கட்டுவதையோ அதே விளக்கம் ஏற்கவில்லை. இந்த வேறுபாட்டைப் பிரசவ மேஜையில் பேச முடியாது. ஏழாம் மாதத்துக்குள் உங்கள் மருத்துவரிடம் பேசி, எதற்குச் சம்மதம், எதற்கு இல்லை என்று கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள்.