ஒட்டு விடுவது பசையாலா, மரத்தாலா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: இடித்த பழைய வீட்டிலிருந்து வாங்கிய தேக்கு உத்தரங்களை அறுத்து, பலகைகளைப் பக்கவாட்டில் ஒட்டிச் சாப்பாட்டு மேசை செய்தோம். பெவிகாலைத் தாராளமாகப் பூசியும், ஐப்பசி மழைக்குப் பிறகு இரண்டு இடங்களில் ஒட்டு விட்டுவிட்டது. இதைவிடக் கெட்டியான பசை எது? – வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: பசையை மாற்றும் முன், விட்டுப்போன இடத்தை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். பசையின் மேல் மரநார் பிய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தால், பசை பிடித்திருக்கிறது, மரம்தான் கிழிந்திருக்கிறது. பசை ஒரு பலகையில் மட்டும் வழவழப்பான ஏடாகப் படிந்து, எதிர்ப்பலகை வெறுமையாக இருந்தால், அந்தப் பலகையை அது பிடிக்கவே இல்லை. தேக்கில் பெரும்பாலும் காண்பது இரண்டாவதுதான். தேக்கின் எண்ணெய்த்தன்மையுள்ள பொருள்கள் பசை மரத்துக்குள் ஊறுவதைத் தடுக்கும் என்பதால், இழைத்த அன்றே, அசிட்டோனில் நனைத்த துணியால் துடைத்து, அது உலர்ந்த உடனே ஒட்டிவிட வேண்டும். இழைத்த முகத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். அது பரவி ஊறினால் ஒட்டலாம், முத்தாக உருண்டு நின்றால் மறுபடி இழைக்க வேண்டும். பிளேடு மழுங்கிய இயந்திரத்தில் இழைத்த பலகையும் பார்வைக்குப் பளபளவென்றிருக்கும், ஆனால் பசையை ஏற்காது.

தாராளமாகப் பூசியதாக எழுதியிருக்கிறீர்கள். அது பலம் சேர்க்காது. பெவிகால் போன்ற வெள்ளைப் பசையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். கனமாக நின்றால் உலரும்போது சுருங்கி உள்ளேயே பலவீனப்படும். இரு முகங்களும் இடைவெளியின்றிப் பொருந்தி, கிளாம்பு இறுகியபின் நிற்கும் ஏடு 0.1 மில்லிமீட்டர் அளவில் இருந்தாலே போதும். மின்விசிறிக்கடியில் பூசிவிட்டுத் தேநீர் குடிக்கப் போகும் பழக்கமும் ஆகாது. நம் வெயிலில் சில நிமிடங்களிலேயே மேலே ஆடை கட்டிவிடும், அதன்பின் எவ்வளவு இறுக்கினாலும் பயனில்லை.

மழைக்குப் பிறகு விட்டதற்கு ஈரமே காரணமாக இருக்கலாம். மரம் காற்றின் ஈரத்துக்கேற்ப அகலவாக்கில் உப்பிச் சுருங்கும், நீளவாக்கில் அநேகமாக மாறாது. கடற்காற்று வீசும் வடசென்னையில் காற்றின் ஈரப்பதம் 70 சதவீதமாக இருக்கும்போது மரத்தின் ஈரம் 13 சதவீதத்தை ஒட்டியும், 80 ஆகும்போது 16 சதவீதத்தை ஒட்டியும் வந்து நிற்கும். ஆகவே பலகைகளை ஒட்டுவதற்கு முன் சில வாரங்கள் வீட்டுக்குள்ளேயே அடுக்கி வைப்பது நல்லது. காய்ந்த பலகையோடு ஈரப்பலகையை ஒட்டினால் இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே இருக்கும். மேசைக்கடியில் குறுக்குச் சட்டத்தைப் பசையிட்டு முழுவதும் ஒட்டியிருந்தால் அதையும் கழற்றுங்கள். பலகை நகர இடமிருக்கும்படி, நீள்துளையிட்டுத் திருகாணி போடுவதே சரி.

பழைய பசையின் மேல் புதுப்பசை சரியாகப் பிடிக்காது என்பதால், ஒட்டு விட்ட முகங்களை மரம் தெரியும்வரை இழைத்துவிட்டு ஒட்டுங்கள். தண்ணீர் அடிக்கடி சிந்தும் இடமென்றால் மட்டும் நீர் தாங்கும் வகைப் பசை வாங்கலாம்.

கேள்வி: படகுக்கான இரண்டு சட்டங்களை நுனியோடு நுனி ஒட்டி நீளமாக்கலாமா? – வாசகர், காசிமேடு

பதில்: அப்படியே ஒட்டக் கூடாது. குறுக்கே வெட்டிய முகத்தில் திறந்த நுண்குழாய்கள் பசையை உறிஞ்சிக்கொள்ளும். இரண்டு நுனிகளையும் சாய்வாகச் சீவி, கனத்தைப் போல 8 முதல் 12 மடங்கு நீளத்துக்கு ஒன்றன்மேல் ஒன்று படியச் செய்யுங்கள். தண்ணீரில் நிற்கும் மரத்துக்கு எபாக்ஸி (இரண்டு பாகங்களைக் கலந்து பூசும் பசை) பொருத்தம். அதை வெள்ளைப் பசைக்குப் போல் கிளாம்பு போட்டு நசுக்கினால் பசை முழுவதும் வெளியே வழிந்துவிடும். நகராதபடி பிடித்தாலே போதும்.