கேள்வி பதில்: பாக்டீரியாவுக்குள் ஒரு திருவிழாக் கூட்டம்

கேள்வி: அமெரிக்க அறிவியலாளர் டேவிட் குட்செல் 1999-இல் நீர்வண்ணத்தில் தீட்டிய ஈ. கோலை பாக்டீரியா ஓவியத்தைப் பார்த்தேன். திருவிழாக் கூட்டம் போல உள்ளே அத்தனை நெருக்கடி! இது நுண்ணோக்கியில் பார்த்து வரைந்ததா, கற்பனையா? நிறங்களாவது உண்மைதானா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: பார்த்து வரைந்தது என்று சொல்ல முடியாது, கற்பனை என்று தள்ளிவிடவும் முடியாது. கலிஃபோர்னியாவின் லா ஹோயாவில் உள்ள ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தில் மூலக்கூறுகளின் கட்டமைப்பை ஆராய்பவர் குட்செல். எக்ஸ் கதிர்ப் படிகவியல், எலெக்ட்ரான் நுண்ணோக்கி போன்ற வழிகளில் கண்டறிந்த புரத வடிவங்கள், 1971-இல் தொடங்கப்பட்ட புரதத் தரவு வங்கியில் சேர்ந்துகொண்டே வருகின்றன. அந்த வடிவங்களையும், ஒவ்வொரு வகைப் புரதமும் உயிரணுவில் ஏறத்தாழ எத்தனை இருக்கும் என்ற உயிர்வேதியியல் கணக்கையும் கையில் வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் ஒரே அளவில், பத்து லட்சம் மடங்கு பெருக்கி வரைகிறார். வடிவம் தெரியாத இடங்களில் மட்டும் ஊகம் துணைக்கு வருகிறது.

இந்தப் பெருக்கத்தில் ஈ. கோலை ஏறக்குறைய 2 மீட்டர் நீளம் இருக்கும் என்பதால், ஓவியத்தில் இருப்பது அதன் ஒரு துண்டுதான். ஊதா நிறத்தில் திரண்டிருக்கும் ரைபோசோம் (புரதங்களை உருவாக்கும் நுண்தொழிற்கூடம்) ஒவ்வொன்றும் 2 செ.மீ., அதாவது ஓர் அருநெல்லிக்காய் அளவு. மஞ்சளாக வளைந்தோடும் டி.என்.ஏ. இழை 2 மி.மீ., இடியாப்ப இழையின் பருமன். பாடநூல் படங்களைப் பார்த்து, உயிரணு என்றால் நான்கைந்து பொருள்கள் மிதக்கும் பை என்று எண்ணிப் பழகிய நமக்கு (எனக்கும் அப்படித்தான்), இந்த நெருக்கடியே அவர் காட்டும் பெரிய புதுமை. அது மிகையே இல்லை.

நிறங்கள் மட்டும் முழுக்க ஓவியருடைய தேர்வு. கண்ணுக்குப் புலப்படும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர். ஒரு புரதத்தின் குறுக்களவோ சில நானோமீட்டர். ஒளியால் உருவத்தையே காட்ட முடியாத ஒன்றின் நிறம் என்னவென்று கேட்பதில் பொருளில்லை. ஆகவே உறைச்சுவருக்குப் பச்சை, நொதிகளுக்கு நீலம் என்று பகுதி பகுதியாகப் பிரித்துத் தீட்டியிருக்கிறார்; பார்வையாளர் வழி தவறாமல் இருக்க அதுவே உதவுகிறது.

நிறத்தைவிடப் பெரிய மாற்றம் ஒன்று பலர் கண்ணில் படுவதில்லை. உயிரணுவின் எடையில் சுமார் 70 விழுக்காடு நீர். அதை அவர் வரையவே இல்லை. புரதங்களுக்கு நடுவே தெரியும் இடைவெளி அத்தனையும் நீர் மூலக்கூறுகள் அடைத்துக்கொண்டிருக்கும் இடம்; அவற்றையும் வரைந்திருந்தால் உள்ளே இருக்கும் ஒரு ரைபோசோமைக்கூட நீங்கள் பார்த்திருக்க முடியாது.