வேல்ஸின் பட்ஜி இசைக்குழு எப்படி வளர்ந்தது, ஏன் கலைந்தது?

கேள்வி பட்ஜியைப் பற்றி என்பதால் ஆசையாகவே எழுதுகிறேன். 1967-இல் வேல்ஸின் தலைநகர் கார்டிஃபில் தொடங்கிய ஹார்ட் ராக் குழு இது. பேஸ் கிட்டார் வாசித்தபடி உச்சக்குரலில் பாடியவர் பர்க் ஷெல்லி. கிட்டாருக்கு டோனி போர்ஜ், டிரம்ஸுக்கு ரே பிலிப்ஸ். மூன்றே பேர்தான்! 1971-இல் வந்த முதல் ஆல்பத்தை வேல்ஸில் உள்ள மான்மவுத் ஊருக்கு அருகே, ஒரு பால் பண்ணையில் உருவான ராக்ஃபீல்ட் ஸ்டூடியோவில் பதிவு செய்தார்கள். தயாரிப்பாளர் ரோஜர் பெய்ன், புகழ்பெற்ற ஹெவி மெட்டல் குழுவான பிளாக் சபாத்தின் முதல் ஆல்பங்களைத் தயாரித்த அதே ஆள்.

1973-இல் வந்த 'பிரெட்ஃபேன்' பாட்டைக் கேட்டுப் பாருங்கள். கிட்டார் மூச்சு விடாமல் ஓடிக்கொண்டே இருக்கும்; நடுவில் சட்டென்று எல்லாம் அடங்கி, மென்மையான ஒரு பகுதி வரும். அப்புறம் மறுபடி அதே ஓட்டம். அந்தத் திருப்பத்துக்காகவே நான் பலமுறை கேட்டிருக்கிறேன்.

சரி, ஏன் கலைந்தது? ஒரே நாளில் உடைந்த குழு இல்லை இது, கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. 1974-இல் பிலிப்ஸ் விலகினார், 1978-இல் போர்ஜும் போனார். ஷெல்லி புது ஆட்களோடு தொடர்ந்தார். 1982-இல் இரும்புத்திரைக்குப் பின்னால், அதாவது அன்றைய கம்யூனிஸ்ட் நாடுகளின் பக்கம் இருந்த போலந்திலும் வாசித்தார்கள். 1988-இல் நிறுத்திக்கொண்டார்கள். அதே சமயத்தில்தான் அமெரிக்க மெட்டல் குழுவான மெட்டாலிகா இவர்களுடைய பாடல்களை வாசித்துப் புதிய தலைமுறைக்குக் கொண்டுபோனது. அந்த வெளிச்சம் பத்து வருடம் முன்பே விழுந்திருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம்.

1990-களில் மீண்டும் மேடையேறினார்கள். 2010-இல் ஷெல்லியின் உடல்நிலை மோசமானதால் அதுவும் நின்றது. அவர் 2022 ஜனவரியில் கார்டிஃபிலேயே காலமானார்.