எல்.சி.ஐ.(எல்) 449 என்று பதிவான இரண்டாம் உலகப்போர் தரையிறங்கு கலம் பின்னாளில் எல்.சி.ஐ.(ஜி) ஆனது ஏன்? அது போரில் என்னதான் செய்தது?

கேள்வியில் 449 என்ற எண் கொண்ட அமெரிக்கக் கலத்தைக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். எல்.சி.ஐ. என்றால் காலாட்படைத் தரையிறங்கு கலம். எல், ஜி இரண்டும் ஒரே கப்பல்தான். இந்த வகைக்குப் பெயர் வைக்கும் வழக்கம் இல்லை, எண் மட்டும்தான். வேலை மாறினால் எண் அப்படியே இருக்கும், அடைப்புக்குறிக்குள் உள்ள எழுத்து மட்டும் மாறும். எல் என்றால் காலாட்படையை ஏற்றும் பெரிய ரகம். ஜி என்றால் பீரங்கிப் படகு. எம் என்றால் மோர்ட்டார், ஆர் என்றால் ராக்கெட்.

முதலில் எல் என்ன வேலை செய்தது என்று பார்த்துவிடுவோம். 200 வீரர்களை ஒரே நடையில் கடல் கடத்திக் கரையில் விட ஒரு கலம் வேண்டும் என்று பிரிட்டன் கேட்டது, அமெரிக்கா 1942 முதல் கட்டித் தள்ளியது. நீளம் 48 மீட்டர், அகலம் 7 மீட்டர், முழுச் சுமையோடு 390 டன் அளவில். கரையில் ஏறும் நிலையில் அணியத்தில் (முன்பக்கம்) 80 செ.மீ. தண்ணீர் போதும், அமரத்தில் (பின்பக்கம்) ஒன்றரை மீட்டர் வேண்டும். அடிப்பகுதி தட்டை. அதனால் நடுக்கடலில் இதன் ஆட்டம் பிரசித்தம். அப்படியிருந்தும் 1943 தொடக்கத்தில் பல கலங்கள் சொந்த எஞ்சினிலேயே அட்லாண்டிக்கைக் கடந்தன.

எஞ்சின் ஏற்பாடு ரசிக்கத்தக்கது. பெரிய எஞ்சின் ஒன்றுகூடக் கிடையாது. ஜெனரல் மோட்டார்ஸின் 6-71 டீசல்கள் எட்டு, புரொப்பெல்லரைச் சுழற்றும் தண்டு ஒவ்வொன்றுக்கும் நான்காக. (6 சிலிண்டர், சிலிண்டருக்கு 71 கன அங்குலம் என்பதுதான் அந்தப் பெயர். ஷெர்மன் டாங்கியின் டீசல் ரகத்தில் இதையே இரண்டாகப் பிணைத்து வைத்தார்கள்.) ஒன்று பழுதானால் கிளட்ச்சை விடுவித்து அதை மட்டும் ஒதுக்கிவிட்டு மற்ற மூன்றால் ஓடலாம். பின்னோக்கிப் போக எஞ்சினை எதிர்த்திசையில் சுற்றுவதில்லை. புரொப்பெல்லர் இலைகளின் கோணம்தான் மாறும்.

கரையேறுவது எப்படி? மணலைத் தொடுவதற்குக் கணிசமான தூரம் முன்பே அமரத்து நங்கூரத்தைப் போட்டு, கம்பிவடத்தை விட்டுக்கொண்டே முன்னேறுவார்கள். சீக்கிரம் போட்டால் கரைக்கு முன்பே வடம் தீர்ந்துவிடும். தாமதமாகப் போட்டால் வடம் நீளாமல் நங்கூரம் பிடி தளர்ந்து இழுபடும். பிடி தளர்ந்த கலத்தை அலை பக்கவாட்டில் திருப்பிக் கரைக்கு இணையாகக் கிடத்திவிடும், பிறகு இழுவைப் படகு வந்தால்தான் விமோசனம். மணலில் ஏறிய பிறகும் எஞ்சினை முன்னோக்கியே மெதுவாக ஓட்டி அணியத்தை நிலையாக வைத்திருக்க வேண்டும். 200 பேர் மூட்டையோடு இறங்கினால் ஏறக்குறைய 20 டன் குறையும். கலம் மிதந்து எழும்பி, ஒவ்வொரு அலைக்கும் இன்னும் மேலே ஏறும். கடல் வற்றும் நேரத்தில் சில நிமிடம் அசந்தால் அங்கேயே காய வேண்டியதுதான். திரும்பும்போது வின்ச்சில் வடத்தைச் சுருட்டி, அதையே பிடிமானமாக வைத்துப் பின்னால் இழுத்துக்கொள்வார்கள். தொய்ந்த வடம் புரொப்பெல்லரில் சிக்குவது அடிக்கடி நேரும் விபத்து.

பலவீனம் அணியத்தில் இருந்தது. முற்பட்ட கலங்களில் கதவு கிடையாது, இரு பக்கமும் குறுகிய இறங்குபலகைகள் மட்டுமே. வீரர்கள் உயரத்தில் வரிசை கட்டி, எதிரி பார்க்கப் பார்க்க இறங்க வேண்டும். பலகை அடிபட்டால் கழுத்தளவு தண்ணீரில் குதிப்பதைத் தவிர வழியில்லை. இதனால் நல்ல நீச்சல்காரர் ஒருவர் கயிற்றோடு முதலில் இறங்கிக் கரையில் கட்டுவார், மற்றவர்கள் அதைப் பிடித்து வருவார்கள். பிற்பாடு கட்டியவற்றில்தான் அணியத்தில் கதவும் நடுவில் ஒரே பலகையும் வந்தன.

சிசிலி, சலேர்னோ, அன்சியோ எல்லாவற்றிலும் இவை இருந்தன. 1944 ஜூன் 6 அன்று நார்மண்டியின் ஒமாஹா கரையில் அமெரிக்கக் கடலோரக் காவல்படை இயக்கிய 85, 91, 92, 93 ஆகிய நான்கும் அழிந்தன. 91-இல் 116-ஆவது படைப்பிரிவின் மாற்றுத் தலைமையகம் இருந்தது. தடைக்கம்புகளில் கட்டியிருந்த கண்ணிவெடியும் குண்டும் சேர்ந்து அதை எரித்தன. சற்று நேரத்தில் பக்கத்தில் வந்த 92-க்கும் அதே கதிதான்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். மத்திய பசிபிக்கில் எதிரி மட்டும் பிரச்சினை இல்லை, பவளப்பாறையும்தான். 80 செ.மீ. ஆழத்தில் மிதப்பதால் என்ன பயன், பாறைவிளிம்பு கரைக்கு நூற்றுக்கணக்கான மீட்டர் முன்பே தடுத்தால்? அதனால் அங்கே ஆட்களைக் கொண்டுசேர்ப்பது நீரிலும் நிலத்திலும் ஓடும் தடச்சங்கிலி வண்டிகளின் வேலையானது. நியூகினி, பிலிப்பைன்ஸ் பக்கம் எல் ரகம் கடைசிவரை காலாட்படையை இறக்கிக்கொண்டுதான் இருந்தது. இன்னொரு தேவையும் இருந்தது. வீரர்கள் கரையை நெருங்கும்போது பெரிய போர்க்கப்பல்கள் சுடுவதை நிறுத்தியாக வேண்டும். அந்தச் சில நிமிட இடைவெளியை நிரப்ப, ஆழமற்ற நீரில் கூடவே வரக்கூடிய பீரங்கி வேண்டும். கையில் இருந்தது இந்தத் தட்டை அடிக் கலம்தான். 1943 அக்டோபரில் தென்பசிபிக்கின் ட்ரெஷரி தீவுகளில் 22, 23 இரண்டும் பீரங்கிப் படகுகளாக முதலில் இறங்கின. பலகைகளைக் கழற்றி 40 மி.மீ., 20 மி.மீ. துப்பாக்கிகளும் 4.5 அங்குல ராக்கெட் சட்டங்களும் பொருத்தினார்கள். அந்த ராக்கெட்டின் வீச்சு சுமார் 1 கி.மீ. தான், அதனால் கரையை ஒட்டியே போக வேண்டும். தகடோ மெல்லியது.

ஜப்பானின் இவோ ஜிமா தீவில் 1945 பிப்ரவரி 17 அன்று இதன் விலை தெரிந்தது. தரையிறக்கத்துக்கு இரண்டு நாள் முன்பு, கரையைச் சோதிக்கப் போன நீச்சல் வீரர்களுக்குக் காவலாக 8-ஆவது குழுவின் 12 எல்.சி.ஐ.(ஜி)கள் போயின. முக்கியத் தாக்குதல் வந்துவிட்டது என்று நினைத்து, மறைத்துவைத்திருந்த கடலோரப் பீரங்கிகளை ஜப்பானியர்கள் திறந்துவிட்டார்கள். பன்னிரண்டும் அடிபட்டன, 474 மூழ்கியது.

அந்தப் பன்னிரண்டில் ஒன்றான 449-இன் தலைவர் ரூஃபஸ் ஹெர்ரிங். முதல் அடியில் பெரிய துப்பாக்கிகள் சிதறி, தளம் தீப்பிடித்தது. அடுத்து மோர்ட்டார் குண்டு மேல்தளக் கட்டளைமேடையில் விழுந்து பெரும்பாலான அதிகாரிகளைக் கொன்றது. இந்த வகையில் கட்டளை தருவது மேலே, சுக்கான் கீழே உள்ள அறையில் என்பதை நினைவில் வையுங்கள். மேலே அழிந்தால் கப்பல் குருடாகிவிடும். இரண்டு முறை மயங்கித் தெளிந்த ஹெர்ரிங் கீழே இறங்கிச் சுக்கானைப் பிடித்து, எஞ்சின் அறையோடு தொடர்பு ஏற்படுத்தினார். நிற்க முடியாமல் போனதும் காலித் தோட்டா உறைக் குவியலில் சாய்ந்துகொண்டு, 20 மி.மீ. துப்பாக்கிகளைச் சுடவைத்தபடியே கப்பலை வெளியே கொண்டுவந்தார். அமெரிக்காவின் மிக உயர்ந்த வீர விருதான மெடல் ஆஃப் ஹானர் அவருக்குக் கிடைத்தது.

அன்று வெளிப்பட்ட பீரங்கி நிலைகளை மறுநாள் போர்க்கப்பல்கள் குறிவைத்து அடித்தன. இல்லாவிட்டால் 19-ஆம் தேதி கரையேறிய மரீன்கள் (அமெரிக்கக் கடற்சார் தரைப்படையினர்) மீதுதான் அவை திறந்திருக்கும்.

449-இன் பதிவை மேலும் தோண்ட விரும்பினால் எண்ணோடு குழு எண்ணையும் சேர்த்துத் தேடுங்கள். நடவடிக்கை அறிக்கைகள் பெரும்பாலும் குழுத் தளபதியின் பெயரில்தான் இருக்கும், கப்பல் எண் உள்ளே ஒரு பத்தியில் வரும். மூல நாட்குறிப்புகள் அமெரிக்கத் தேசிய ஆவணக்காப்பகத்தில் உள்ளன. 1949-இல் எஞ்சியிருந்த கலங்களை எல்.எஸ்.ஐ.எல். என்று மறுபெயரிட்டார்கள். எனவே அதற்குப் பிந்தைய ஆவணங்களில், இந்தோசீனாவில் பிரெஞ்சுக்காரர்கள் பயன்படுத்தியவை உட்பட, எல்.சி.ஐ. என்று மட்டும் தேடாமல் எல்.எஸ்.ஐ.எல். என்றும் தேடுங்கள்.